கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு: ஊர் பக்கத்தில்தானே என்று இருந்துவிடாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து வாளையாறு தாண்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கஞ்சிக்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைக்கு வந்தாலும் சரி, கணவரோடு குடிவந்தாலும் சரி, படித்துவிட்டுப் பெட்டியைப் பிரியுங்கள்.

முதலில் காகித வேலைகள். அதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், அதில் யாரும் பெரிதாக அடிபடுவதில்லை. வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திரும்ப வரும் என்பது அதில் இருக்கட்டும். மலையாளத்தில் இருந்தால் ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முன்னுரிமை ரேஷன் கார்டில் ஆதார் இணைத்திருந்தால் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இங்கேயும் அரிசி வாங்கலாம். நம் மாநிலம் தருகிற துவரம்பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்காது. பிள்ளைகள் இருந்தால் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் அரசுப் பள்ளிகள் உண்டு, போய் விசாரியுங்கள். மொழியும் ஒரு பிரச்சினையாக இருக்காது. கடைக்காரரும் கண்டக்டரும் நீங்கள் பேசுவதைப் புரிந்துகொள்வார்கள்.

கண்ணி இருப்பது வேறு இடத்தில். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர்தான். பொள்ளாச்சி பஸ் அடிக்கடி உண்டு. அதனால் இங்கே வருகிற நம் ஆட்களில் பலர் இங்கே வாழ வருவதில்லை. 'சனிக்கிழமை ராத்திரி வண்டி ஏறினா வீடு' என்று ஒரு நினைப்பு. துபாய்க்குப் போகிறவன் அடுத்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே விசாரித்து வைக்கிறான். கஞ்சிக்கோட்டுக்கு வருகிறவன் அதைச் செய்வதில்லை.

என் நண்பர் ஒருவர், பழனிப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், இங்கே ஒரு ரோலிங் மில்லில் சூப்பர்வைசராக வந்தார். பிள்ளைகள் படிப்புக்காகக் குடும்பம் ஊரிலேயே இருந்தது. ஐந்து வீடு வரிசையாக இருக்கிற ஒரு காம்பவுண்டில் கடைசி வீட்டைப் பிடித்தார். ஆரம்பத்தில் வாரம் தவறாமல் ஊருக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால் தெரியாது. 'தூங்கி எழுந்திருக்கிற இடம்தானே, இங்க யாரைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது' என்பார்.

அப்புறம் ஷிஃப்ட் முறை மாறியது, ஞாயிறு லீவு போனது. ஊருக்குப் போவது மாதம் ஒரு தடவை என்று ஆனது. வேலை, அறை, போன், அவ்வளவுதான் மிச்சம். ராத்திரியில் கடை பரோட்டா, பல நாள் அதுவும் இல்லை. பிரஷர் மாத்திரையை ஊருக்குப் போகும்போது வாங்கி வருகிற பழக்கம்; போவது குறைந்ததும் மாத்திரையும் நின்றுபோனது. தூக்கம் கெட்டது. கல்யாண வீட்டில் இவர் குரல்தான் முதலில் கேட்கும், அப்படிப்பட்ட மனிதர். அவர் போனில் மனைவியிடம் எரிந்து விழ ஆரம்பித்தார்.

மழைக்காலத்தில் டெங்கு வந்து படுத்துவிட்டார். கதவு சாத்தியே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். 'நாட்டில் போயதாவும்', ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். மில்லில் ஆப்சென்ட் போட்டுவிட்டு அங்கேயும் அதையே நினைத்தார்கள். ஊரில் மனைவி, கோபத்தில் போனை எடுக்காமல் இருக்கிறார் என்று எண்ணினார். அவர் எங்கே இருக்கிறார் என்பதில் ஆளுக்கொரு நினைப்பு இருந்தது, கதவைத் தட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. கடைசியில் பயந்துபோய் அந்த அம்மா எனக்குப் போன் செய்ய, நான் வீட்டு ஓனரைப் பிடித்தேன். தாழ்ப்பாளை உடைத்துத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் காய்ச்சலைவிட பிரஷரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். பிழைத்துவிட்டார்.

யார்மேல் எனக்குக் கோபம் என்றால், 'ஒண்டியா இருந்தா நிம்மதி, தொல்லை இல்லை' என்று புதிதாக வருகிறவனுக்குப் புத்தி சொல்கிற சீனியர்கள்மேல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவது வேறு. இரண்டு நாள் வெளியே வராவிட்டால் விசாரிக்க ஆளே இல்லாமல் இருப்பது வேறு. இரண்டாவது உடம்பைத் தின்னும். 2010இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 3 லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள். உறவும் பழக்கமும் வலுவாக இருந்தவர்கள் அந்தந்த ஆய்வுக்காலம் முடியும்போது உயிரோடு இருக்கிற வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2016இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, தனிமைப்பட்டவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் வரும் அபாயம் 29 சதவீதமும் பக்கவாத அபாயம் 32 சதவீதமும் அதிகம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறில் ஒருவர் தனிமை உணர்வில் வாடுவதாகவும் அதோடு தொடர்புடைய சாவுகள் ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் என்றும் கணக்கு இருக்கிறது.

எப்படி இது நடக்கிறது என்று நண்பரின் கதையைத் திரும்பிப் பார்த்தாலே தெரியும். துணை இல்லாத உடம்பு எப்போதும் உஷார் நிலையில் இருக்கிறது. கார்டிசால் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் கூடுகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தூக்கம் துண்டு துண்டாகிறது. 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா' என்று கேட்க ஆள் இல்லாதபோது இரண்டும் தவறுகிறது. இதில் மோசமான ஒன்று, விலகி இருக்க இருக்க மனசு மற்றவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிடும். எதிர்வீட்டுக்காரர் சும்மா பார்த்தாலே முறைக்கிறார் என்று தோன்றும். அப்புறம் இன்னும் விலகுவோம். 'சேட்டன்மார் நம்மோட பேச மாட்டாங்க' என்று சொல்கிற பல பையன்களிடம் நான் பார்த்தது இதுதான். அவர்கள் ஒரு தடவைகூட முதலில் பேசிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் பால் காய்ச்சுகிற அன்றே பக்கத்து வீட்டுக்குப் போங்கள். சேச்சி, சேட்டன் என்று கூப்பிட்டுப் பெயரும் வேலையும் சொல்லுங்கள். போன் நம்பர் கொடுங்கள், ஊரில் இருக்கிற ஒருவருடைய நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். நம்பிக்கை வந்ததும் மாற்றுச் சாவி ஒன்றை அங்கே வையுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது போகிறேன் என்றும் வருகிற நாளையும் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் கதவு பூட்டியிருந்தால் ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் அவர்களுக்குத் தோன்றும். 'ஊணு கழிச்சோ', அதாவது சாப்பிட்டாச்சா என்று அவர்கள் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள், நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள்.

டீக்கடை ஒன்றை வாடிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே நேரத்தில். கேரளத்தில் சின்ன ஊரில்கூட ஒரு வாயனசாலை, அதுதான் படிப்பகம், இருக்கும். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சாயங்காலம் அங்கே ஆள் இருக்கும், கேரம் போர்டு இருக்கும், எழுத்துச் சொல்லிக்கொடுக்க யாராவது உட்காருவார்கள்.

ஐப்பசியில் பாலக்காட்டில் கல்பாத்தித் தேருக்குப் போங்கள். மாசி வாக்கில் சித்தூரில் கொங்கன் படை நடக்கும். கொங்கு நாட்டுப் படையை இந்த ஊர்க்காரர்கள் விரட்டியடித்த கதையைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். நான் கொங்கு மண்ணைச் சேர்ந்தவன். முதல் தடவை அந்தக் கூட்டத்தில் நின்றபோது பக்கத்தில் இருந்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார், தாராபுரம் என்றேன். சிரித்துவிட்டு என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டில் இன்றைக்கும் எனக்கு ஓண இலை உண்டு. தாராபுரத்தில் அம்மா வைக்கிற கொள்ளு ரசம் அங்கே கிடைக்காது, அந்த ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் அந்த வீட்டிலிருந்து கஞ்சி வரும்.

வேலைக்குப் போகிற ஆணுக்காவது மில்லில் நாலு முகம் தெரியும். கூட வருகிற மனைவிதான் நாள் முழுக்க நாலு சுவருக்குள் கிடக்கிறாள், கைக்குழந்தை இருந்தால் இன்னும் மோசம். அவரை அந்த வார்டு ஆஷா பணியாளரிடம், அதாவது வீடு வீடாக வருகிற சுகாதாரப் பணியாளரிடம், அறிமுகப்படுத்துங்கள். குடும்பஸ்ரீ என்பது கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டம்; அதன் அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு, பக்கத்தில் எங்கே கூடுகிறது, சேர முடியுமா என்று அந்தப் பணியாளரிடமே கேளுங்கள்.

வயதான அப்பா அம்மாவை ஊரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுப் பேசிய மனிதரை மாடி வீட்டில் டிவி முன்னால் உட்காரவைத்தால் ஒரே வருடத்தில் ஆள் மங்கிவிடுவார். முதுமையில் வரும் மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் குழு வெளியிட்ட அறிக்கைகளில், தவிர்க்கக்கூடிய அபாயக் காரணிகளின் வரிசையில் சமூகத் தனிமையும் காது கேளாமையும் இருக்கின்றன. தரைத்தள வீடாகப் பாருங்கள், கோவிலுக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். காது மந்தமாக இருந்தால் கருவி வாங்கிக்கொடுங்கள்.

பிரஷர், சுகர் இருக்கிறவர்கள் வந்த வாரமே பக்கத்துக் குடும்பாரோக்கிய கேந்திரத்தில், அதாவது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், பெயர் பதியுங்கள். பிரஷரும் சுகரும் பார்ப்பார்கள், மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்கும், ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் பிடிக்காமல், பிடித்த விஷயத்தில்கூட மனசு ஒட்டாமல் இருந்தால் அதையும் அங்கே டாக்டரிடம் சொல்லுங்கள், தமிழில் சொன்னாலே புரியும். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் ராத்திரி பகல் எந்நேரமும் இலவசம், மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கேரள அரசின் திசா சுகாதார உதவி எண் 1056. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், வீட்டில் இருக்கிறவர்கள் போனிலும்.