திரையில் 150 காட்டுதே சார்: பைலட் பிளான்ட் தானியக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டுக்கு மூன்று பொறியியல் மாணவர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ரோடு போடும் தாரைச் சூடாக்கிக் குழாயில் சுற்றவிட்டு, பிஎல்சி என்னும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி வைத்துக் கட்டுப்படுத்துவது அவர்கள் புராஜெக்ட். பம்ப் ஓடியது, தார் வரவில்லை. "திரையில் 150 காட்டுதே சார்" என்றான் ஒருவன், வெப்பநிலையைக் காட்டி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் வடக்கே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் நானும் என் மேலாளரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். எண் மட்டும் வேறு.

காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மின்கலமும் அரிமானமும் காதில் விழுந்த சங்கதிதான். கனஎண்ணெய் அப்படியில்லை. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரிந்தபின் வெற்றிடக் கோபுரத்தின் (அழுத்தத்தைக் குறைத்து வடிக்கும் கோபுரம்) அடியில் தங்குவது வேக்குவம் ரெசிட்யூ. அறை வெப்பத்தில் அது கட்டி, ரோடு போடும் தார் மாதிரி. அதை ஹைட்ரஜனோடு சேர்த்து, 400 டிகிரிக்கு மேல், 100 பாருக்கும் (சுமார் நூறு மடங்கு காற்றழுத்தம்) மேலான அழுத்தத்தில் உடைத்துப் பார்க்கும் சின்ன ஆலைதான் நாங்கள் சொல்லும் பைலட் பிளான்ட். மணிக்கு அரைக் கிலோ ஓடினால் அதிகம். இரவு பகலாக வாரக்கணக்கில் ஓட வேண்டும் என்பதால்தான் தானியக்கம்.

எர்த் சரியாகக் கொடுக்காதது, வயரை மாற்றிக் கட்டியது மாதிரியான தவறுகளை இங்கே எழுதப் போவதில்லை. அவை முதல் நாளே மாட்டிவிடும்.

ஹீட் ட்ரேசிங்கை எலெக்ட்ரீஷியன் வேலை என்று ஒதுக்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

எண்ணெய் ஊட்டும் தொட்டியிலிருந்து, வினை நடக்கும் கலனான ரியாக்டர் வரை ஆறு மீட்டர் குழாய். எண்ணெய் இறுகாமலிருக்க முழுக்க ஹீட்டிங் டேப் சுற்றி (இதுதான் ஹீட் ட்ரேசிங்), மேலே இன்சுலேஷன் போட்டு, வெப்பநிலை அளக்க ஒரே ஒரு தெர்மோகப்பிள் வைத்தேன். எங்கே? பம்புக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில். செட்பாயின்ட், அதாவது நிற்க வேண்டிய சூடு, 180 டிகிரி. திரையில் கோடு போட்டதுபோல 180 நின்றது. ரியாக்டரின் கன்ட்ரோல் லூப்புகளை (அளந்து தானே திருத்திக்கொள்ளும் அமைப்புகளை) சீராக்குவதில் மூன்று வாரம் செலவழித்தவன், இந்தக் குழாய்க்குக் கொடுத்தது ஒரு மதியம்.

நடுவில் ஒரு வால்வு. சிறிய ஆலையில் வால்வு என்பது குழாயைவிடப் பல மடங்கு கனமான இரும்புக்கட்டி. அதன் கைப்பிடி இன்சுலேஷனுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வெப்பத்தை இழுத்து வெளியே விடும். டேப்பும் அதன்மேல் ஒழுங்காக உட்காராது. ஒரு டிசம்பர் இரவில், குழாய் 180-இல் இருக்கும்போதே, அந்த வால்வுக்குள் எண்ணெய் இறுகிவிட்டது.

பம்ப் நிற்கவில்லை. அழுத்தம் ஏறியது, அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு திறந்தது, எண்ணெய் தொட்டிக்கே திரும்பியது. திரையிலிருந்த ஓட்ட அளவை நான் பம்பின் ஸ்ட்ரோக்கிலிருந்து (எத்தனை முறை தள்ளியது என்பதிலிருந்து) கணக்கிட்டிருந்தேன். அதனால் மணிக்கு 500 கிராம் என்று விடிய விடிய காட்டியது. தொட்டியின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அது தராசின் முகப்பில் தெரிந்தது, ஆனால் அதைக் கணினியோடு இணைக்க யாரும் நினைக்கவில்லை. யாரும் என்றால், நான்.

ரியாக்டருக்குள் ஹைட்ரஜன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. உள்ளே தங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கிடந்து கோக் என்னும் கெட்டிக் கரி ஆனது. சல்ஃபைடாக, அதாவது கந்தகத்தோடு சேர்ந்த வடிவில், இருக்க வேண்டிய வினையூக்கி, கந்தகம் வராத ஹைட்ரஜனில் மணிக்கணக்காக நின்றது. நாற்பது நாள் ஓட்டம். அதற்குப்பின் வந்த எந்த அளவையும் நம்ப முடியாது.

அதோடு விட்டேனா? காலையில் வந்து, அடைப்பு இளகட்டும் என்று செட்பாயின்டை 250 ஆக்கினேன். வால்வு அப்போதும் இளகவில்லை. டேப் தன்மேலேயே ஏறிச் சுற்றியிருந்த இடம் கருகி அறுந்தது, அங்கே குழாய்க்குள் இருந்ததும் கெட்டி கோக்காகிவிட்டது. குழாயை அறுத்துத்தான் எடுத்தோம். இரண்டு அடைப்புக்கு நடுவே சிக்கிய எண்ணெயைச் சூடாக்கினால் அது விரிந்து குழாயை வெடிக்கவும் வைக்கும். திறந்த முனையிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இளக்க வேண்டும். அன்றைக்கு வெடிக்காதது என் சாமர்த்தியம் இல்லை.

அதற்கப்புறம் நான் கட்டிய எதிலும் வால்வு, ஃபிளேஞ்ச் (குழாய்களை இணைக்கும் தட்டு), பம்ப் தலை, அழுத்தமானிக்குப் பிரியும் கிளைக்குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனி சென்சார் உண்டு. இருப்பதிலேயே குளிர்ந்த இடம் குறித்த அளவைத் தொடும்வரை பம்ப் தொடங்காது. இருப்பதிலேயே சூடான இடம் எல்லை தாண்டினால் ஹீட்டர் அணையும். தொட்டியின் எடை குறையும் வேகத்தையும் பம்பின் ஸ்ட்ரோக்கையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குழாயைக் கழுவிவிடும் எண்ணெய் தானே உள்ளே போகும். அதைத் தள்ளுவது நைட்ரஜன் அழுத்தம், மின்சாரம் அல்ல. கரண்ட் போகும் நேரத்தில்தான் அது அதிகம் தேவைப்படும்.

அவசர நிறுத்தத்தை மென்பொருளில் மட்டும் வைப்பது

வேண்டாம். தனி வயர், தனி ரிலே (மின்சாரத்தைத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்).

பெரிய ஆலையின் வரைபடத்தைச் சுருக்குவது

சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் செய்வது. பெரிய ரியாக்டர் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும். சின்னதில் கொள்ளளவைவிட மேற்பரப்பின் கைதான் ஓங்கியிருக்கும், சூடு சுவர் வழியாகவே ஓடிவிடும். ஒரே ஹீட்டர் போதாது. உயரவாக்கில் பல மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி கன்ட்ரோலர் வேண்டும். ஓட்டத்தை அளக்கும் துளைத்தட்டான ஓரிஃபிஸ் தட்டும் இவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு உதவாது.

பதிவுகளைச் சுருக்கிச் சேமிப்பது

இடம் மிச்சம் பிடிக்க, சிறிய மாற்றங்களைப் பதிவு செய்யாதே என்று அளவுகளைப் பதிவுசெய்யும் ஹிஸ்டோரியன் மென்பொருளில் ஒரு வசதி இருக்கும். ஆலை ஓட்டுபவனுக்கு அது சரி. ஆராய்ச்சிக்கு அந்தச் சிறிய மாற்றம்தான் வேண்டும். உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் நூற்றுக்கு இரண்டு முன்பின்னாகப் பொருந்த வேண்டிய இடத்தில், தராசு, வாயுமானி, குரோமடோகிராஃப் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) மூன்றின் கடிகாரமும் ஒன்றாக ஓடாவிட்டாலும் கணக்கு கழன்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் அலாரம்

இருநூறு அலாரம் அடித்தால் ஆபரேட்டர் ஸ்பீக்கரைப் பிடுங்கிவிடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பள்ளத்தூருக்கு வருவோம். குழாயோடு நடந்து, சூடு கசியக்கூடிய இடங்களை எண்ணச் சொன்னேன். பதினொன்று வந்தது. அவர்களிடம் இருந்தது நான்கு தெர்மோகப்பிள். நான்கையும் எங்கே வைப்பது என்று கேட்டார்கள். குளிர்ந்த நான்கு இடங்களில், வேறெங்கே? அந்த இடங்களைக் கண்டுபிடிக்க, கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடிப்பார்களே, அந்த ஜாதி வெப்பமானித் துப்பாக்கியில் தொழிற்சாலைக்கானதை ஒருவன் இரவல் வாங்கி வந்தான். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஒவ்வொரு இடத்திலும் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அளக்கச் சொன்னேன்.