கார் சாவி ரிமோட் வேலை செய்யவில்லையா? திறப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

முதலில் ஸ்பேர் சாவியை எடுத்து அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால் பழுது முதல் சாவிக்குள் இருக்கிறது. இரண்டுமே வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் காரில்தான் கோளாறு. கதவை உள்ளிருந்து பூட்டும் சுவிட்சை அழுத்துங்கள். அதற்கும் பூட்டு அசையவில்லை என்றால் சென்ட்ரல் லாக்கிங் ஃபியூஸையும் கார் பேட்டரியையும் பாருங்கள், ரிமோட்டைத் தொட வேண்டாம். ஏதாவது ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தாலோ சாவி இக்னிஷனில் இருந்தாலோ பல கார்கள் பூட்டும் கட்டளையை ஏற்காது.

ஒரே ஒரு இடத்தில் நிறுத்தும்போது மட்டும் மக்கர் செய்கிறதா? ரிமோட்டுகள் நாட்டைப் பொறுத்து 433.92 அல்லது 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அதே அலைவரிசையைக் கேட் ரிமோட், வயர்லெஸ் அலாரம் போன்றவையும் பயன்படுத்துகின்றன. அருகில் ஒரு கருவி ஓயாமல் சிக்னல் விட்டுக்கொண்டிருந்தால் சாவியின் சிக்னல் அதில் அமுங்கிப்போகும். காரைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரிமோட் வேறு, சிப் வேறு

சாவிக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. கதவைத் திறப்பது பேட்டரியில் ஓடும் ரிமோட். இஞ்சினை இயக்க அனுமதி தருவது இம்மொபிலைசர் சிப். இந்தச் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. இக்னிஷனைச் சுற்றியுள்ள காயிலிலிருந்து தனக்கான மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ளும். ஆகவே கதவு திறக்கவில்லை, கார் ஸ்டார்ட் ஆகிறது என்றால் ரிமோட் பகுதியில் பழுது. கதவு திறக்கிறது, டேஷ்போர்டில் சாவி விளக்கு சிமிட்டுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் சிப் பக்கம் பாருங்கள். அங்கே எத்தனை பேட்டரி மாற்றினாலும் பயனில்லை.

பட்டன் ஸ்டார்ட் கார்களின் ஸ்மார்ட் சாவியில் பேட்டரி தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே நின்றுபோனது போலத் தெரியும். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயோ கையேடு காட்டும் இடத்திலோ ஒட்டிப் பிடித்தால் கார் சிப்பைப் படித்து ஸ்டார்ட் ஆகிவிடும்.

பேட்டரி

புழக்கத்தில் இருப்பவை சிஆர்2032, சிஆர்2025, சிஆர்2016, சிஆர்1620, சிஆர்1632. முதல் இரண்டு இலக்கம் விட்டம், மில்லிமீட்டரில். அடுத்த இரண்டு தடிமன், பத்தில் ஒரு மில்லிமீட்டரில். 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். 2032 இருந்த இடத்தில் 2025 போட்டாலும் வேலை செய்வது போலத் தோன்றும், ஆனால் 0.7 மி.மீ. இடைவெளி விழுந்து, சாவியைக் குலுக்கினாலே தொடர்பு அறுந்துபோகும்.

மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய செல்லில் உள்மின்தடை ஏறியிருக்கும். சும்மா இருக்கும்போது 3 வோல்ட் காட்டும் செல், ரிமோட் சிக்னல் அனுப்பக் கேட்கும் மின்னோட்டத்தைத் தர முடியாமல் சரிந்துவிடும். செல் ரிமோட்டில் இருக்கும்போதே அதன் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்து, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாருங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றுங்கள். குளிர்ந்த காலையில் மட்டும் அடம்பிடிக்கும் ரிமோட்டுக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புதிய செல் போட்டும் வேலை செய்யாவிட்டால் தகட்டுத் தொடர்பைப் பாருங்கள். குழந்தைகள் விழுங்காமல் இருக்கச் சில செல்களில் கசப்புப் பூச்சு இருக்கும். அது தொடர்பைத் தடுக்கலாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் செல்லையும் தகட்டையும் துடையுங்கள். தளர்ந்த தகட்டை மெல்ல மேலே வளைத்துவிடுங்கள். கழற்றிய செல்லை உடனே குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது.

3.6 வோல்ட் சார்ஜ் செல்லான எல்ஐஆர்2032-ஐ இதற்குப் பதிலாகப் போடாதீர்கள். முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட் தரும், சர்க்யூட் கெட்டுவிடலாம். மறுபக்கம், பழைய பிஎம்டபிள்யூ இ46 போன்றவற்றின் சில சாவிகளில் போர்டோடு பற்றவைத்த விஎல்2020 சார்ஜ் செல் இருக்கும். அங்கே சார்ஜ் ஏற்றக் கூடாத சாதாரண சிஆர் செல் வைத்தால் இக்னிஷனில் அது சார்ஜ் ஏற்றப்படும். ஆபத்து.

பட்டன் சுவிட்ச்

பேட்டரிக்கு அடுத்து அதிகம் கெடுவது இதுதான். எல்லாக் கதவும் சாத்தி, சாவி இக்னிஷனில் இல்லாதபோதும் பூட்டும் பட்டன் வேலை செய்யவில்லை, திறக்கும் பட்டன் செய்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், சுவிட்ச்தான். அழுத்தி அழுத்தி உள்ளே உள்ள தகடு தேய்ந்திருக்கும், அல்லது அதன் கால்களில் ஈயம் விரிசல் விட்டிருக்கும்.

மூடியைத் திறக்கும் முன் லோகோவுக்கு அடியிலோ உலோகச் சாவிக்குப் பின்னாலோ திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விளிம்பில் உள்ள பள்ளத்தில் பிளாஸ்டிக் நெம்பி விட்டுத் திருப்புங்கள். மடக்குச் சாவியில் ஸ்பிரிங் இழுவிசையோடு சுற்றப்பட்டிருக்கும். பிரிப்பதற்கு முன் எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள்.

போர்டு வெளியே வந்ததும், செல் போட்ட நிலையில் சுவிட்சின் இரு முனைகளையும் இடுக்கியால் இணையுங்கள். நான்கு கால் சுவிட்சில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே இணைந்திருக்கும், ஆகவே மூலைக்கு மூலை இணைக்க வேண்டும். கார் பதில் சொன்னால் போர்டு முழுக்க நலம், சுவிட்ச் மட்டும் காலி. இந்த ஒரு சோதனை வீண் செலவை நிறைய மிச்சப்படுத்தும். செல்லைக் கழற்றிவிட்டு மீட்டரிலும் உறுதிசெய்யலாம். நல்ல சுவிட்ச் அழுத்தும்போது ஓரிரு ஓமுக்குள் காட்டும். நூறு ஓம் காட்டினாலோ அழுத்தும்போது எண் தாவிக்கொண்டே இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

புதிய சுவிட்ச் வாங்கும்போது நீள அகலத்தோடு உயரத்தையும் அளந்து வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் உயரம் கூடினால் மூடியதும் ரப்பர் அதை ஓயாமல் அழுத்தும். செல் சில நாளில் தீர்ந்துவிடும். குறைந்தால் பட்டன் பிடிக்காது. பழையதை எடுக்க, கால்களில் ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக உருகி ஒட்ட உதவும் பசை) தடவிப் புது ஈயம் சேர்த்து, 320 முதல் 350 டிகிரி செல்சியஸில் இரு பக்கமும் மாறிமாறிச் சூடாக்குங்கள். ஈயம் முழுதும் உருகும் முன் இழுத்தால் போர்டின் செம்புத் தகடு பெயர்ந்து வரும். அதைச் சரிசெய்வது சுவிட்ச் மாற்றுவதைவிடக் கடினம்.

சில ரிமோட்டுகளில் தனிச் சுவிட்ச் இருக்காது; ரப்பருக்கு அடியில் உள்ள கார்பன் வில்லையே இரண்டு தடங்களை இணைக்கும். அதை ஆல்கஹாலில் லேசாகத் துடைத்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் கார்பனே போய்விடும்.

கீழே விழுந்தது, நனைந்தது

விழுந்த பிறகு நின்றுபோனால் பேட்டரித் தகட்டின் கால்களை லென்ஸில் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிந்தால் விரிசல். ஃபிளக்ஸ் வைத்து மறுபடி உருக்கினால் உயிர் வந்துவிடும். ஆனால் செல் உள்ளே இருக்கும்போது சூடு காட்டக் கூடாது.

நனைந்தால் முதல் வேலை செல்லைக் கழற்றுவது. வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்காதீர்கள். தண்ணீரோடு மின்சாரம் சேரும்போதுதான் களிம்பு வேகமாகப் பிடிக்கிறது. கடல் நீராக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பிறகு ஆல்கஹாலும் மென்மையான பல்துலக்கியும் கொண்டு தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள்.

மூடும்போது

கூடு உடைந்து புதிய கூட்டுக்கு மாற்றுகிறீர்களா? சிப் பல சாவிகளில் போர்டில் இருக்காது. அரிசியை விடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழலாகவோ சிறு கறுப்புக் கட்டியாகவோ பழைய கூட்டின் ஒரு மூலையில் ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் கூட்டைத் தூக்கி எறிந்தால் கதவு திறக்கும், கார் ஓடாது.

செல்லைக் கழற்றியதால் ரிமோட்டின் பதிவு பொதுவாக அழியாது. ரிமோட் அனுப்பும் குறியீடு ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறுவதால், காருக்கு எட்டாத தூரத்தில் பலமுறை அழுத்தப்பட்ட ரிமோட் மட்டும் காரின் கணக்கைத் தாண்டி முன்னே ஓடிவிடும். காரின் அருகில் நின்று இரண்டு மூன்று முறை அழுத்தினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். இல்லையெனில் கையேட்டில் உள்ளபடி இக்னிஷனைப் போட்டு மறுபடி இணைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து, புதிய செல்லோடு இடுக்கிச் சோதனைக்கும் பதில் இல்லை என்றால் போர்டில் அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டலோ கட்டுப்பாட்டு ஐசியோ போயிருக்கலாம். அப்போது புதுச் சாவி வாங்கி ஸ்கேன் கருவியில் பதிய வேண்டும். பல தயாரிப்புகளில் ஒரு காருக்குப் பதிந்த பழைய சாவி வேறொரு காரை ஏற்காது. பதியப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துச் செல்லுங்கள். சில கார்களில் அந்த நேரம் கையில் இல்லாத சாவிகள் நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டுவிடும்.