கிழடு தட்டியது படமா, பிரதியா?

போன மாதம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் இளம்பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ‘நாடோடி மன்னன்’ படம் போட்டார்கள். நான் பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்பையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தார்கள். ஒலிபெருக்கி, மின்விசிறி, கொசுவர்த்தி இதெல்லாம் தானாகப் பழகிவிடும், விடுங்கள். ஒரு பழைய படம் இன்றைக்கும் தாங்குகிறதா என்று தீர்ப்புச் சொல்லப் போகும்போது சறுக்குகிற இடங்கள்தான் வேறு.

வெட்டுப்பட்ட பிரதி

நான் முதன்முதலில் போட்டது ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968இல் வந்த படம். அப்பாவுக்காகத்தான் அதை எடுத்தேன். அவர் காலத்தில் ரப்பர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவார்கள். லயத்துச் சனம் மொத்தமும் பாயைச் சுருட்டிக்கொண்டு போகும். அந்த நாதஸ்வரச் சத்தம் பால்மரக் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்ததாக அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

மண்டபத்துக்கும் புரொஜெக்டருக்கும் சேர்த்து 350 வெள்ளி கட்டினேன். கடையில் வாங்கிய வட்டைப் போட்டதும் படம் திரை முழுக்க அகலமாக நிறைந்தது. எனக்கு ஒரே பெருமை.

பத்மினி ஆட வந்தார். பாதத்தைக் காணோம். சலங்கை கேட்கிறது, ஜதி கேட்கிறது, கணுக்காலுக்கு மேலேயே திரை முடிந்துவிடுகிறது. மேலே பார்த்தால் சிவாஜிக்குப் பாதி நெற்றிதான். முன்வரிசையில் ஓர் அக்கா, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுத்தவர், இடைவேளையில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்: “ஏன் தம்பி, காலில்லாத பரதத்தைப் பார்க்கவா என்னைக் கூப்பிட்டே?”

காரணம் பிறகுதான் புரிந்தது. 1973இல் ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமாக வந்தது. அதற்கு முந்தைய நம் படங்களின் சட்டகம் சதுரத்துக்குப் பக்கம்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய டிவியோ 16க்கு 9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார் என்று மேலேயும் கீழேயும் நறுக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உயரத்தில் 23 விழுக்காடு காலி. நறுக்காதவர்கள் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். போன மாதம் எம்.ஜி.ஆர். கன்னம் உப்பிக் குள்ளமாகத் தெரிந்தது அதனால்தான். ஸ்கோப் படங்களுக்குப் பழைய டிவிப் பிரதிகளில் நேர்மாறான கதி, பக்கவாட்டில் வெட்டு. இருவர் பேசுகிற காட்சியில் ஒருவருக்கு மூக்கு மட்டும் மிஞ்சும்.

வேகத்திலும் கை வைப்பார்கள். படச்சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடுவது. நம் நாட்டு டிவி முறைக்கு மாற்றும்போது அது 25 ஆகிவிடும். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிஷம் முன்னதாகவே முடியும், சுருதியும் ஏறும். பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கிற மாமாதான் கண்டுபிடித்தார்: “என்னப்பா இது, டி.எம்.எஸ். கட்டை ஏறிப் பாடுறாரு?”

350 வெள்ளி போனதை மறந்துவிட்டேன். மறக்க முடியாதது இன்னொன்று. அதற்கப்புறம் இரண்டு வருஷம், யார் கேட்டாலும் “அந்தப் படம் இப்ப எடுபடாதுங்க, ஆட்டமெல்லாம் ரொம்ப நீளம்” என்று நானே சொல்லித் திரிந்தேன். அப்பாவிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முழுச் சட்டகத்தில் ஒரு பிரதி கைக்கு வந்த ராத்திரி தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் ஒரு கேள்வி போடுகிறது, பாதம் பதில் சொல்கிறது. பதிலை வெட்டிவிட்டுக் கேள்வி நீளம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, கடைக்காரர் மேல் பாதி, என் மேல் பாதி.

மண்டபத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஏதாவது ஓர் ஆட்டக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். உச்சந்தலையும் பாதமும் சேர்ந்து தெரிய வேண்டும். ஆட்டமே இல்லாத படமா, பெயர் போடுகிற இடத்தைப் பாருங்கள். மேல்வரியின் கொம்பும் சுழியும் அறுபட்டிருந்தால் அந்தப் பிரதி வேண்டாம்.

வண்ணம் பூசிய பிரதி

கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிற்பாடு கலர் ஏற்றியதா? வேண்டவே வேண்டாம்.

நிறம் மாறினால் வயரைப் பிடுங்குவது

‘நாடோடி மன்னன்’ 1958இல் வந்தது. கறுப்பு வெள்ளையில் தொடங்கிப் பிற்பகுதியில் கலராகும், எடுத்ததே அப்படித்தான். போன மாதம் கலர் வந்ததும் ஒரு பையன் பதறி ஓடிப்போய் வயரை ஆட்டினான். படமே நின்றுவிட்டது. சரோஜா தேவிக்காகக் காத்திருந்த பெரியவர்கள் கொடுத்த வசவை இங்கே எழுத முடியாது.

பாட்டைத் தாண்டி ஓட்டிவிடுவது

பாட்டு பிடிக்காது என்றால் ‘அந்த நாள்’ பாருங்கள். 1954இலேயே பாட்டில்லாமல் எடுத்தார்கள்.

‘அந்தக் காலம் அப்படி’

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. திமிர் பிடித்த பெண்டாட்டியைக் கதாநாயகன் ஓர் அறை விட்டுத் திருத்துகிற காட்சி எத்தனை படத்தில்! ஒரு தடவை அப்படி ஒன்று ஓடியபோது, “அந்தக் காலத்துல இது யாருக்கும் தப்பாத் தெரியல” என்று இளசுகளுக்கு விளக்கம் சொன்னேன். பக்கத்தில் இருந்த பாட்டி, முப்பது வருஷம் பால் வெட்டியவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “யாரு சொன்னா? எங்களுக்கு அப்பவே தெரிஞ்சது. எங்களை யாரு கேட்டா?” அந்த விளக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். காட்சி பழசாகிவிட்டது என்றால் பழசாகிவிட்டது என்றே சொல்லலாம், படம் ஒன்றும் செத்துப்போய்விடாது.

கைப்பேசியில் தனியாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு

1952இல் வந்த ‘பராசக்தி’யைத் தனியாகப் பார்த்தபோது வசனமெல்லாம் மேடைப் பேச்சாக இருந்தது. அதையே மண்டபத்தில் போட்டபோது அந்தப் பாட்டியும் வந்திருந்தார், அப்போதே எண்பதைத் தாண்டியவர். நீதிமன்றக் காட்சிக்கு எல்லோரும் கை தட்டினார்கள், அவர் தட்டவில்லை. ரங்கூனில் இருக்கும் அண்ணன்மாருக்கு, போர்க்காலம் என்பதால் ஒரே ஒரு கப்பல் டிக்கெட்தான் கிடைக்கிறது, ஒருவர் மட்டும் புறப்படுகிறார் அல்லவா, அந்த இடத்திலேயே கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டார். போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் பாட்டியுடைய அண்ணனைச் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை.

அடுத்த மாதம் பிள்ளைகள் ‘தில்லானா மோகனாம்பாள்’ போடுகிறார்களாம். நேற்று ராத்திரி அந்த வயர் பையன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான், டிவித் திரையைக் கோணலாக எடுத்தது. கீழே, “அண்ணே, கால் தெரியுது, பாருங்க.” கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் வரைக்கும் தெரிந்தது.