பல்லாங்குழி: எங்கள் வீட்டு ஆட்டமுறை

உங்கள் பக்கம் 7 குழி, எதிராளி பக்கம் 7. குழிக்கு 6 வீதம் மொத்தம் 84 முத்து. சோழியிலும் ஆடலாம்; எனக்கென்னவோ, விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு விழும் புளியங்கொட்டைதான் பிடிக்கும்.

உங்கள் குழி ஒன்றை வழித்தெடுத்து, வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்தது வெறுங்குழியா? அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளிக்கொள்ளுங்கள்; அதுவும் காலியென்றால் ஒன்றுமில்லை. ஆட்டம் கை மாறும்.

நடுவே ஒரு குழியில் 4 சேர்ந்தால் 'பசு'. குழிக்குரியவர் உடனே எடுக்க வேண்டும். பசுவைத் தவறவிட்டுத் தோற்பவர்களே அதிகம்!

மலேசியாவின் சோங்காக், ஆப்பிரிக்க மன்கலா ஆட்டங்கள் எல்லாம் இதன் உறவு. மரப்பலகை கிடைக்காவிட்டால் மண்ணில் குழி பறித்துத் தாராளமாக ஆடுங்கள்.