ஹனுக்கா விளக்கு: வலமிருந்து அடுக்கு, இடமிருந்து ஏற்று

ஜெருசலேமில் வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சவ்தா என்று கூப்பிடுவேன், எபிரேயத்தில் பாட்டி. யூதர்களின் விளக்குத் திருவிழாவான ஹனுக்கா வந்தால் மெழுகுவர்த்தி அடுக்குவது நான். ஜெபம் சொல்லி ஏற்றுவது அவர். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

திருவிழா தொடங்குவது யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் என்பார்கள். யூதர்களுக்கு நாள் மாலையில் தொடங்குகிறது. அதனால் 24 முடிந்து இருட்டும்போதே முதல் விளக்கு. தேய்பிறையில் தொடங்கி, அமாவாசையைத் தாண்டி எட்டு இரவுகள். முதல் இரவு ஒன்று, பிறகு இரவுக்கு ஒன்று கூடும்.

விளக்கில் ஒன்பது கிளைகள். உயரமாகவோ தள்ளியோ நிற்பது ஷமாஷ், அதாவது பணியாள். அதை முதலில் பற்றவைத்து, அதைக்கொண்டே மற்றவற்றை ஏற்றுவார்கள். மற்ற எட்டின் வெளிச்சத்தில் படிக்கவோ காய் நறுக்கவோ கூடாது, பார்க்க மட்டும்தான்.

சரி, நான் சொதப்பிய இடம். முதல் வருஷம் மூன்றாம் இரவில் இடது ஓரத்திலிருந்து மூன்றை நட்டுவைத்தேன். சவ்தா ஒன்றும் சொல்லாமல் மூன்றையும் பிடுங்கி வலது ஓரத்திலிருந்து நட்டார். ஏற்றும்போது பார்த்தால், இடப்பக்கம் இருப்பதிலிருந்து தொடங்குகிறார்! அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த திரிக்குத்தான் முதல் மரியாதை. ஷம்மாய், ஹில்லேல் இருவரும் பழங்கால யூத அறிஞர்கள். ஷம்மாய் வழியினர் எட்டில் தொடங்கிக் குறைக்கச் சொன்னார்களாம். ஹில்லேல் வழியினர், புனிதத்தில் ஏறத்தான் வேண்டும், இறங்கக் கூடாது என்றார்கள். அதுதான் நிலைத்தது. ஷமாஷையும் சேர்த்து மொத்தம் 44 வேண்டும், பெட்டியிலும் அவ்வளவுதான் இருக்கும். உடைந்தால் பற்றாது, இரண்டு பெட்டி வாங்குங்கள்.

குழியில் நிற்காமல் ஆடினால் அடியைத் தீயில் காட்டி இளக்கி அழுத்துங்கள். கீழே அலுமினியத்தாள் விரித்தால் மெழுகு சுரண்டும் வேலை மிச்சம். என்னைக் கேட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெய்தான் அழகு. கதையே எண்ணெய்தானே. கி.மு. 164இல் மக்கபேயர்கள் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் மீட்ட ஜெருசலேம் ஆலயத்தில் ஒரு நாளுக்கே இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்கிறது யூதர்களின் சமய நூலான தல்மூத். சமையலறையில் எண்ணெயில் பொரியும் சுஃப்கனியோத் என்ற ஜாம் வைத்த டோனட்டுக்கும் அதே காரணம்.

பின்சேர்க்கை: ஜன்னலில் வைத்தால் யாருடைய வலம் என்று ஒருவர் கேட்டிருந்தார். வீட்டுக்குள் நின்று ஏற்றுகிறவருடைய வலம்.

இன்னொருவர் வெள்ளிக்கிழமை பற்றிக் கேட்டார். அன்று மாலை சபாத் என்ற வாராந்தர ஓய்வு நாள் தொடங்குகிறது. சபாத் விளக்குக்கு முன்பே இதை ஏற்றிவிட வேண்டும், பிறகு தீ தொடமாட்டார்கள். இருட்டிய பின்னும் அரை மணி நேரம் எரிய வேண்டும் என்பதால் பெட்டியில் வரும் சின்ன மெழுகுவர்த்தி தாங்காது. அன்றைக்கு மட்டுமாவது எண்ணெய் ஊற்றிவிடுங்கள்.