பிரெட் புட்டிங்கில் தண்ணீர் விடுகிறதா?

பிரெட் புட்டிங் நான் அடிக்கடி செய்வது. மேலே பொன்னிறமாக வரும். ஆனால் கரண்டியைப் போட்டதும் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும், முட்டை பொடிப்பொடியாகத் திரிந்திருக்கும். பாலைக் குறைத்துப் பார்த்தேன். புட்டிங் வறண்டு போனதுதான் மிச்சம்.

காரணம் சூடு. முட்டையின் புரதம் அளவுக்கு மீறி வெந்தால் இறுகிச் சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளிவிடும். அதனால் இப்போது ஓவனை 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைப்பதில்லை. புட்டிங் பாத்திரத்தை ஓர் அகலமான, ஆழமான தட்டில் வைத்து, அந்தத் தட்டில் பாத்திரத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றிவிடுவேன். இது ஒன்றுதான் பெரிய மாற்றம்.

6 துண்டு பிரெட்டுக்கு அரை லிட்டர் பால், 3 முட்டை, 75 கிராம் சர்க்கரை, கொஞ்சம் வெனிலா. முந்தைய நாள் பிரெட்தான் நல்லது, புதுசு குழைந்துவிடும். வெதுவெதுப்பான பாலை, சர்க்கரை சேர்த்து அடித்த முட்டையில் சிறிது சிறிதாகக் கலந்து, வடிகட்டி, பிரெட்மேல் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இதில் அவசரமே கூடாது. ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தால் நடுவில் உலர்ந்த வெள்ளைத் திட்டு இருக்கக் கூடாது.

அப்புறம் ஓவன். 40 நிமிடம் கழித்து பாத்திரத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். ஓரம் அசையாமல் நடு மட்டும் மெல்ல ஆடினால் எடுத்துவிடலாம். மீதிச் சூட்டிலேயே அது செட் ஆகிவிடும். ஓவன் இல்லையா, மூடி போட்டுச் சிறு தீயில் ஆவியில் வேகவைக்கலாம். மேலே அந்த மொறுமொறுப்பு மட்டும் கிடைக்காது.