4கே டிவியில் 4கே வரவில்லை

டிவி 4கே, ஸ்ட்ரீமிங் பெட்டி 4கே, மாதாமாதம் கட்டும் சந்தாவும் 4கேவுக்குத்தான். படம் மட்டும் 1080பியை, அதாவது சாதாரண முழு எச்டியைத் தாண்டவில்லை. இணைய வேகத்தில் குறையில்லை, கேபிளை மாற்றியும் பலனில்லை.

பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் இருந்த, ஸ்பீக்கர்களுக்கு ஒலி கொடுக்கும் பழைய ஏவி ரிசீவர்தான் காரணம். எச்டிஎம்ஐ வழியே பாதுகாக்கப்பட்ட படம் போகும்போது, இடையில் உள்ள ஒவ்வொரு கருவியும் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டுக்குச் சரியான சாவியைக் காட்டியாக வேண்டும். 4கே படங்களுக்கு அதன் 2.2 பதிப்பைக் கேட்கிறார்கள். என் ரிசீவருக்குத் தெரிந்தது 1.4. வழியில் ஒரு கருவி பழசு என்றாலும் பெட்டி தரத்தைக் குறைத்துவிடும். சில சமயம் வெறும் கறுப்புத் திரைதான். சிப்பிலேயே இருக்கிற சமாச்சாரம், அப்டேட்டில் சரியாகாது.

இத்தனைக்கும் எச்டிசிபி 1 வரிசையின் மூலச் சாவி 2010இலேயே வெளியே கசிந்தது; அதை உருவாக்கிய இன்டெலே ஒப்புக்கொண்டது. திருட்டுப் பிரதி எடுப்பவனுக்கு இதனால் பெரிய தொல்லை இருப்பதாகத் தெரியவில்லை. காசு கொடுத்தவன்தான் டிவிக்குப் பின்னால் டார்ச்சோடு குனிந்து கிடக்கிறான்.

சரி, தீர்வுக்கு வருகிறேன். பெட்டியை நேராக டிவியிலேயே செருகினேன். எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் எச்டிசிபி 2.2ஐ ஏற்காது, கையேட்டைப் பார்த்துச் செருகுங்கள். அப்புறம் டிவியின் ஏஆர்சி போர்ட்டிலிருந்து (ஒலியை எச்டிஎம்ஐ வழியே திருப்பி அனுப்புவது) ரிசீவருக்கு ஒரு கேபிள். இரண்டிலும் ஏஆர்சியையும், கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் சிஇசியையும் ஆன் செய்ததும் ஒலி வந்துவிட்டது. ரிசீவரில் ஏஆர்சி இல்லையென்றால் ஆப்டிகல் கேபிள் போடலாம். 5.1 டால்பி டிஜிட்டல் சரவுண்ட் ஒலி அதில் போகும். ப்ளூரே வட்டுகளில் வரும், தரம் குறையாத ட்ரூஎச்டி ஒலி போகாது. நான் பார்க்கிற படங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.